நாற்பத்தொன்றாம் வரிசை

என் வேலை பூக்களைத் தேடுவது.
பூவென்றால் பூவல்ல,
ஏப்ரலில் மொட்டைக் கிளையில் தொங்கும்
சாம்பல்நிறப் பூனைவால்.
இருந்தால் வெட்ட வேண்டும்.
இல்லையென்றால் இல்லையென்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.
ஏழு ஆண்டுகள்
இல்லை இல்லை என்றே எழுதினேன்.

ஸ்வீடனின் வடக்கே, ஆற்றுமேட்டில்
இரட்டைக் கம்பிவலைக்குள்
அறுநூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பென்கள்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் அலுமினியத் தகடு.
ஒரு வரிசைக்கு உறைபனி தாங்கும் மரபணு.
இன்னொன்றுக்கு
வறட்சி வருமுன் இலைத்துளையைச் சாத்திக்கொள்ளும் புத்தி.
நாற்பத்தொன்றுக்கு எதையும் கூட்டவில்லை.
குறைத்தார்கள்:
லிக்னினில் ஐந்திலொரு பங்கு.

லிக்னின் மரத்தின் பிடிவாதம்.
நாரோடு நாரை ஒட்டி
நில் என்று சொல்வது.
காகித ஆலைக்கு அது வேண்டாத விருந்தாளி.
காரத்தில் போட்டு மணிக்கணக்காய் வேகவைத்து
வெளியே துரத்துகிறார்கள்.
என் கணவன் இங்வே செய்வது அதைத்தான்.
அவன் சட்டையில் எப்போதும் அழுகிய முட்டைக்கோஸ் வாடை.
பணத்தின் வாசனை என்பார்கள் எங்கள் ஊரில்,
துவைப்பது நான்.

எஸ்கில் ஹெட்மான்
நாற்பத்தொன்றின் துண்டுகளை அரைத்து, அமிலத்தில் கரைத்து
இரண்டு குளிர்காலம் எண்களைத் துரத்தினார்.
வித்தியாசம் உண்டு என்றார் ஒருநாள்.
இன்னொருமுறை பார்ப்போம் என்றார் மறுநாள்.

அப்புறம் மார்ச்சில் எல்க் வந்தது.

வேலி உயரத்துக்குச் சூறைக்காற்று பனியைக் குவித்த இரவு.
அதற்கு ஒரே எட்டு.
காலையில் நான் கண்டது:
நாற்பதில் ஒரு கிளை, கடித்துத் துப்பியது.
நாற்பத்திரண்டில் முகர்ந்து பார்த்த குளம்படி.
நாற்பத்தொன்றில்
அதன் தலை எட்டும் உயரம்வரை
சுள்ளி இல்லை, பட்டை இல்லை,
வெள்ளெலும்பாய்ப் பதினெட்டு மரம்.

எஸ்கில் வெகுநேரம் நின்றார்.
"கருவி வாங்கிய காசுக்கு
இதைக் கட்டி வளர்த்திருக்கலாம்."
சிரித்தோம்.
பிறகு படிவங்கள் வந்தன.

மாற்றப்பட்ட பொருள் வளாகத்தைவிட்டு வெளியேறியதா?
ஆம்.
எவ்வழியே?
வயிற்றின் வழியே என்று எழுதட்டுமா என்றேன்.
எழுதாதே என்றார்.
மூன்று நாள் சறுக்குக்கட்டையில் தடம்பிடித்துப் போய்
மூடிபோட்ட வாளிகளில் சாணம் அள்ளினேன்.
ஆற்றங்கரையில் துருவமான் மந்தையோடு நின்ற யோன்-ஆந்தே
எதைத் தொலைத்தாய் என்று கேட்டார்.
சொன்னேன்.
முகத்தில் ஒன்றும் காட்டாமல்
கையை மட்டும் வடமேற்கே நீட்டினார்.
பதினொரு கிலோ கிடைத்தது.

எல்க் விட்டுவைத்த பதினான்கும்
அக்டோபரின் ஈரப்பனியில் வளைந்தன.
ஒடியவில்லை.
நுனி மண்ணைத் தொட வில்லாகி நின்றன,
அக்கம்பக்கத்து வரிசைகள் வெறுமனே பார்த்திருக்க.
படத்தை இங்வேயிடம் காட்டினேன்.
"நன்றாக வேகும்" என்றான், ஆலைக்காரன்,
உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

உரிமம் முடிந்தது.
பூக்கும் வயதுக்குச் சற்று முன்னால்
அறுநூற்றுப் பன்னிரண்டையும் வெட்டினோம்.
அடிக்கட்டைகளைத் தோண்டி எரித்தோம்.
ஆனால் ஆஸ்பென்
வேரில் யோசிக்கிற மரம்.
இது நான்காவது கோடை,
பதினைந்து நாளுக்கொருமுறை போய்
முளைத்ததைப் பிடுங்கி எண்ணுகிறேன்.
வேலை அதேதான். இப்போது
இல்லை என்று எழுத முடிவதில்லை.

இன்று ஒன்று, வேலிக்கு வெளியே,
வடிகாலுக்கு அந்தப் பக்கம், நெல்லிப்புதர் நடுவில்.
முழங்கால் உயரம். தகடு கிடையாது.
நாற்பத்தொன்றா, உறைபனி தாங்கியா,
இல்லை யாரும் தொடாத காட்டுப் பிள்ளையா?
காற்றில்லாமலே இலைகள் நடுங்கின.
எல்லா ஆஸ்பெனும் அப்படித்தான்,
அதைவைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஓர் இலையைக் கிள்ளிக் குழாயில் போட்டேன்.
முடிவு வர மூன்று வாரம்.
சந்தேகமென்றாலும் பிடுங்கு என்பது விதி.
தண்டை விரலால் வளைத்தேன்.
விட்டேன். நிமிர்ந்தது.
இன்னொருமுறை வளைத்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

பிடுங்கினேன்.
பாதியில் அறுந்தது வேர்.
எண்ணிக்கை: ஒன்று.
மண்ணுக்குள் போன மீதி எவ்வளவு நீளம் என்று
கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.